அணுக்கத்தார் கண்ட ஆளுமை

தன் முகத்தைத் தானே காண விரும்புவோனுக்குக் கண்ணாடி வேண்டும். தன் குணத்தைக் காண விரும்புவோனுக்கோ, அவனோடு நெருங்கிப் பழகுவோரின் கண்களே கண்ணாடியாகின்றன.

ஒருவரின் ஆளுமையை அளக்க முற்படும் உளவியலாளர், பெரும்பாலும் வினாத்தாளொன்றை அவர் கையிலேயே கொடுத்துவிடுவர். ஏற்ற கடமையைத் தவறாது முடிப்பவரா, எளிதிற் சினங்கொள்பவரா என்பன போன்ற வினாக்களுக்கு அவர் தம்மைத் தாமே மதிப்பிட்டு விடையளிப்பார். இம்முறை எளியது. ஆயினும், தன் வழக்கிலே தானே சாட்சியும் நீதிபதியுமாக அமர்ந்தால் தீர்ப்பு நடுநிலையாகுமா? ஆதலால், அதே வினாக்களை அவருடைய வாழ்க்கைத் துணைவர், நண்பர், உடன் பணிபுரிவோர் ஆகியோரிடம் கேட்டறியும் முறையும் கையாளப்படுகிறது.

இம்முறையின் வலிமைக்கு ஓர் ஆய்வு தக்க சான்றாகும். ஐக்கிய அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்தில், 1930களின் நடுப்பகுதியில், லோவெல் கெலி என்னும் உளவியலாளர் மணம் நிச்சயிக்கப்பட்ட 300 இணையரை ஆராயத் தொடங்கினார். ஒவ்வொருவர் குணத்தையும் அவரவர் நண்பர் சிலர் மதிப்பிட்டனர். ஏறத்தாழ 75 ஆண்டுகளின்பின், ஜோசுவா ஜாக்சனும் உடனாய்வாளரும் அவர்களின் ஆயுட்காலத்தை அப்பழைய மதிப்பீடுகளோடு ஒப்பிட்டனர். அம்முடிவு 2015இல் வெளிவந்தது. கடமையுணர்வும் புதியன ஏற்கும் மனமும் உடையவரென நண்பர் கணித்த ஆடவரும், மனவமைதியும் இணக்கமும் உடையவரெனக் கணித்த பெண்டிரும் நெடுங்காலம் வாழ்ந்திருந்தனர். தம்மைப் பற்றி அவர்களே தந்த மதிப்பீடு அத்துணைச் செம்மையாக ஆயுளை முன்னறிவிக்கவில்லை.

இதற்குக் காரணங்கள் உள. நண்பர் காண்பது ஒருவரின் எண்ணத்தையன்று, நாளாந்தச் செயலையே. மேலும், பலரின் கணிப்பைச் சேர்த்துச் சராசரி காணுமிடத்து, ஒருவரின் பிழையை மற்றவரின் கணிப்பு ஈடுசெய்கிறது.

எனினும், அணுக்கத்தார் அனைத்தையும் அறியார். சிரித்த முகத்தின் பின்னே உறங்காத கவலை இருத்தல் கூடும். சிமீன் வசீர் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, மனக்கலக்கம் முதலிய அகநிலைகளை உரியவரே நன்கறிவர். அறிவுத்திறன், படைப்பாற்றல் போன்று தற்பெருமை குறுக்கிடும் பண்புகளை நண்பரே செம்மையாக அறிவர். அன்பு குறைகளை மறைப்பதும் உண்டு. மதிப்பிடுவோரைத் தெரிந்தெடுப்பவர் மதிப்பிடப்படுபவரே ஆயின், புகழுரை மிகுதல் இயல்பு.

ஆகவே, பணிக்கு ஆளைத் தெரிவோரும் மனநோய்க்குச் சிகிச்சை அளிப்போரும் ஒரு சாட்சியோடு அமைதல் தகாது. அகச்சான்றும் புறச்சான்றும் ஒத்தால் முடிவு உறுதிபெறும். அவை முரண்பட்டால், எவரையும் பொய்யரென ஒதுக்காது, அவ்விடத்திலேயே மேலும் உசாவுதல் வேண்டும். ஒரு மனிதனை முழுமையாக அறிவதற்கு அம்முரண்பாடே பெரும்பாலும் வாயிலாகிறது.