குழந்தையைத் திட்டாதீங்க, தெருவைப் பாருங்க!

ஒரு ஆப் திரும்பத் திரும்ப கிராஷ் ஆனா யூசரையா திட்டுவோம்? கோடைத்தானே திறந்து பார்ப்போம்! ஆனா ஒரு குழந்தை குண்டாக இருந்தால் மட்டும், "வாயைக் கட்டத் தெரியலை" என்று குழந்தையையும் அம்மாவையும் குறை சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் இந்தப் பிரச்சினையை வேறு மாதிரி அணுகினார்கள்.

முதலில் கணக்கு. அமெரிக்க அரசின் 2017-2020 ஆய்வுப்படி, 2 முதல் 19 வயது வரை உள்ள கறுப்பினப் பிள்ளைகளில் 24.8 சதவீதம் பேருக்கு உடல்பருமன். வெள்ளையினப் பிள்ளைகளில் இது 16.6 சதவீதம்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒரு முக்கியக் காரணம் வரைபடத்தில் இருக்கு. 1930-களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை அரசு வரைபடங்களில் சிவப்பில் குறித்தார்கள். அங்கே வீட்டுக்கடன் கிடைப்பதே கஷ்டமாச்சு. முதலீடு வரவில்லை. பின்னாளில் சூப்பர் மார்க்கெட்டுகளும் புறநகருக்குப் போய்விட்டன. பல தெருக்களில் மிஞ்சியது சிப்ஸும் சோடாவும் விற்கும் முக்குக்கடைதான். போதாததுக்கு, இந்தப் பிள்ளைகளைக் குறிவைத்தே குளிர்பான விளம்பரங்கள் வேற!

1992-ல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய 'தி ஃபுட் டிரஸ்ட்' அமைப்பு, எந்தப் பகுதியில் கடை இல்லை என்று மேப் போட்டுக் காட்டியது. 2004-ல் மாநில அரசு கடைகள் திறக்க 3 கோடி டாலர் ஒதுக்கியது. முக்குக்கடைகளிலும் பழங்களை வைக்க வைத்தார்கள்.

சரி, கடை வந்தா போதுமா? போதலை. அங்கே திறந்த ஒரு சூப்பர் மார்க்கெட்டைப் பற்றி 2014-ல் வெளியான ஆய்வில், அக்கம்பக்கத்தினரின் எடையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. அப்போ விலையையும் பார்க்கணும் இல்லையா?

சோடா வரிக்கு 2010-லும் 2011-லும் அப்போதைய மேயர் மைக்கேல் நட்டர் முயன்றார். "உடல்நலத்துக்கு நல்லது" என்ற வாதம் எடுபடவில்லை. அடுத்து வந்த மேயர் ஜிம் கென்னி, வரிப்பணத்தில் பாலர் பள்ளிகளும் பூங்காக்களும் வரும் என்றார். குளிர்பான நிறுவனங்கள் எவ்வளவோ எதிர்த்தும் 2016-ல் சட்டம் நிறைவேறியது. 2017 ஜனவரி முதல் ஒரு அவுன்ஸுக்கு 1.5 சென்ட். அதாவது 2 லிட்டர் பாட்டிலுக்குச் சுமார் ஒரு டாலர்!

நகருக்குள் விற்பனை 51 சதவீதம் சரிந்தது. பக்கத்து ஊர்களில் போய் வாங்கியதைக் கழித்தாலும் 38 சதவீதம் குறைவு. விற்பனை குறைந்தாலே எடை குறைந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. தவிர, இந்த வரி ஏழைகள் தலையில்தான் அதிகமா விழும் என்ற எதிர்ப்பும் நியாயமானது. அதனால்தான் அந்தப் பணம் அதே பிள்ளைகளுக்குத் திரும்பி வருதா என்று கேட்பது முக்கியம்.

"நல்லா சாப்பிடு" என்று சொல்வது சுலபம். நல்லது வாங்கக் கடை, கட்டுப்படியாகும் விலை, ஓடி விளையாட இடம்... இதையெல்லாம் அரசிடம் கேட்டு வாங்குவதுதான் சமூகக் குரல். குழந்தைக்கு அட்வைஸ் பண்றதை அதுக்கப்புறம் வச்சுக்கலாம்.