நீத்துப்பெட்டி

1990இல் பொருளாதாரத் தடை தொடங்கியபின், யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயும் அன்றாடப் பொருள்கள் பலவும் அரிதாயின. கணவர் புலம்பெயர்ந்திருக்கத் தனித்து வீட்டைத் தாங்கிய பெண்கள் பலருக்குப் பனையே கைகொடுத்தது. என் அன்னையும் அவர்களுள் ஒருவர். ஒடியலை இடித்து, மாவை நீரில் ஊறவைத்துக் கசப்பகற்றிப் பிழிந்து, தேங்காய்ப்பூக் கலந்து பிட்டு அவிப்பார். அதற்கான கூம்பு வடிவ நீத்துப்பெட்டியையும் ஜாம் போத்தல் விளக்கொளியில் பனையோலை கொண்டு தாமே இழைத்தார். (இன்றைய அலுமினியக் குழலில் அவித்த பிட்டில் அந்த ஓலைமணம் ஏது?)

தந்தையின் கடிதம் வர மாதங்கள் செல்லும். எனினும் அவருக்குரிய பங்கையும் சேர்த்தே அன்னை மா குழைப்பார். இரவில் அது எங்கள் கோப்பைக்கு வரும். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு நடந்தபோது, அவர் சுமந்த பையில் அந்த நீத்துப்பெட்டியும் இருந்தது.