இருட்டு விழாத மைதானம்

பசறைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கிரிக்கெட்டை முடித்து வைக்க மூன்று பேர் உண்டு: நமுனுகுலையிலிருந்து இறங்கும் மூடுபனி, அம்மாவின் சத்தம், தேயிலைக்குள் போய் விழும் பந்து. மூன்றாவதுதான் பெரிய அடி. அட்டைக்கடியைப் பொருட்படுத்தாமல் நிரை நிரையாகத் தேடுவோம். கிடைக்காவிட்டால், யாராவது ஒருவனின் அப்பா சம்பளம் எடுக்கும்வரை ஆட்டமில்லை. போளையும் அப்படித்தான், கையிலிருந்தது தீர்ந்தால் வீட்டுக்கு நடை.

இன்று அதே தோட்டத்தில், எங்கள் லயத்தின் பின்மேட்டில், சிக்னல் எடுக்கும் ஒரே இடத்தில், அக்கா மகனும் கூட்டாளிகளும் போனில் ஃப்ரீ ஃபயர் விளையாட்டுக்குள் தலையைக் கவிழ்த்திருக்கிறார்கள். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்ட பிறகு, வாட்ஸ்அப் பாடத்துக்காகக் கடன்பட்டு வாங்கிய போன் அது.

“இந்த மெட்ச் மட்டும் மாமா, பத்து நிமிஷம்.”

பொய்யில்லை. 50 பேர் குதிக்கும் ஓர் ஆட்டம் ஏறக்குறைய பத்து நிமிடம்தான். ஆனால் தோற்ற கையோடு அடுத்த ஆட்டத்துக்கான பொத்தான் விரலடியில் நிற்கிறது. தேடப் பந்து இல்லை, இருட்டும் விழுவதில்லை. நால்வர் அணியில் நடுவே எழுந்தால் கூட்டாளியைக் கைவிட்ட பழி. அரும்பாடுபட்டு ஏறிய ரேங்க் புது சீசனில் இறங்கிவிடும்; மறுபடி ஏற வேண்டும். காசுக்கு வாங்கும் டயமண்ட் கொடுத்து ஆட்டத்திலுள்ள பரிசுச் சக்கரத்தைச் சுழற்றினால் என்ன விழுமென்று தெரியாது. தானியம் எப்போது விழுமென்று தெரியாத புறாதான் விடாமல் கொத்தும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் கண்டது சென்ற நூற்றாண்டில். பதுளை டவுனில் லொத்தர் சுரண்டுகிறவருக்கும் அது தெரியும். காசு கொடுத்துத் திறக்கும் இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டமே என்று 2018இல் பெல்ஜியம் முடிவெடுத்தது. கட்டுப்பாடிழந்த விளையாட்டை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்து, அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

அதே ஆண்டு மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு. போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. பையன்கள் லயத்து வாசலுக்கு வந்து, பழைய டின்னிலிருந்த என் போளைகளைக் கொட்டிக் குழி தோண்டினார்கள். இருட்டியதும் கலைந்தார்கள்.

கரண்ட் வந்தது. மருமகன் போனைத் திறந்து சிரித்தான்: “திரும்பி வந்ததுக்குப் பரிசு தந்திருக்கான் மாமா!”

எங்கள் காலத்தில் தேயிலைக்குள் தொலைந்த பந்து ஒருநாளும் எங்களைத் தேடி வந்ததில்லை.