கண்ணாடித் தொட்டியில் சிவப்புப் போர்வை!

கடல் மீன் வளர்ப்பவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் சிவப்புப் பாசி! அதை விரட்டுவது எப்படி?

கூடத்தின் மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் 200 லிட்டர் உப்புத் தண்ணீர். அடியில் வெள்ளை மணல். நடுவில் பாறை. பாறையின் மேல் பூவைப் போல விரிந்திருக்கும் பவளம். ஆரஞ்சு நிறத்தில், வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள் ஓடி விளையாடுகின்றன.

வீட்டுக்கு வருகிறவர்கள், "அடடா! கடலையே வீட்டுக்குள் கொண்டு வந்துவிட்டீர்களே!" என்று வியக்கிறார்கள்.

மூன்று மாதம் போகிறது. ஒரு நாள் காலையில் மணல்மேல் ஒரு சிவப்புத் திட்டு தெரிகிறது. உள்ளங்கை அகலம்தான். யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. சில நாட்களில் அது மணல் முழுவதும் பரவுகிறது. பாறையில் ஏறுகிறது. பவளத்தைப் போர்வை போல மூடுகிறது. பகலில் அதன்மேல் முத்து முத்தாகக் குமிழிகள். தொட்டால் வழவழப்பு. முகர்ந்தால் நாற்றம்.

"அப்பா! ரத்தம் கொட்டியது போல இருக்கிறதே. மீன் செத்துப் போகுமா?" என்று பையன் கேட்கிறான்.

அப்பா கடைக்கு ஓடுகிறார். மருந்து வாங்கி வந்து ஊற்றுகிறார். சிவப்பு மறைகிறது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் சில வாரங்கள் கழித்து, அதே இடத்தில் மறுபடியும் சிவப்புத் திட்டு!

கடல் மீன் வளர்க்கும் பல வீடுகளில் நடக்கும் கதை இது. விரட்ட விரட்ட அது ஏன் திரும்பி வருகிறது?

பாசி அல்லாத பாசி

முதலில் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தச் சிவப்பு வழவழப்பை எல்லோரும் பாசி என்கிறார்கள். ஆனால் அது பாசியே அல்ல! அது ஒரு வகை பாக்டீரியா. விஞ்ஞானிகள் இதற்கு வைத்திருக்கும் பெயர் சயனோபாக்டீரியா.

செடியைப் போல இதற்குள்ளும் பச்சை நிறப் பொருள் உண்டு. அதனால்தான் வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. ஆனால் சிவப்பு நிறப் பொருள் ஒன்று அந்தப் பச்சையை மறைத்துவிடுகிறது. பகலில் தெரியும் குமிழிகள், அது வெளிவிடும் பிராணவாயு.

பூமியில் மிகப் பழைய உயிர்களில் இதுவும் ஒன்று. ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பூமியின் காற்றில் பிராணவாயு சேரத் தொடங்கியது. அதைச் சேர்த்தவை இந்த நுண்ணுயிர்களின் முன்னோர்தான். நாம் இன்று மூச்சு விடுவதற்கே அவை ஒரு காரணம்! அவ்வளவு காலம் பிழைத்து வந்த உயிர், ஒரு புட்டி மருந்துக்கா ஒரேயடியாக ஒழிந்துவிடும்?

மூன்று சிவப்பு

தொட்டியில் சிவப்பாகத் தெரிவதெல்லாம் பகை அல்ல. மூன்று வகை உண்டு. கையால் தொட்டே கண்டுபிடித்துவிடலாம்.

துணியைப் போல உரிந்து, ஏடு ஏடாக வந்தால், அது சயனோபாக்டீரியா.

மயிர் போலவோ புல் போலவோ பாறையைப் பற்றிக்கொண்டு, இழுத்தாலும் வராமல் இருந்தால், அது உண்மையான சிவப்புப் பாசி. பாறையை வெளியே எடுத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து எடுக்க வேண்டும்.

சுண்ணாம்பு பூசியது போலக் கெட்டியாக, இளஞ்சிவப்பு அல்லது ஊதா நிறத்தில் பாறையோடு ஒட்டியிருந்தால், அது நல்ல பாசி. அதைச் சுரண்டாதீர்கள். தொட்டி நல்ல நிலையில் இருப்பதற்கு அது ஓர் அடையாளம்.

சாப்பாடு போடுவது யார்?

சயனோபாக்டீரியா வளர வெளிச்சம் வேண்டும். அதோடு நைட்ரேட், பாஸ்பேட் என்ற இரண்டு சத்துக்கள் வேண்டும். பூட்டிய வீட்டுக்குள், மூடிய தொட்டிக்குள், இந்தச் சத்து எப்படி வந்தது?

நாம்தான் போடுகிறோம்!

காலையில் பையன் ஒரு சிட்டிகை தீனி போடுகிறான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அக்காள் ஒரு சிட்டிகை போடுகிறாள். மாலையில் பாட்டி தொட்டி அருகே வருகிறாள். மீன்கள் கண்ணாடியை முட்டிக்கொண்டு வருகின்றன. "பாவம், பசியோடு பார்க்கிறதே!" என்று பாட்டியும் ஒரு சிட்டிகை. மீன் தின்றது கொஞ்சம். மணலில் விழுந்து அழுகியது மிச்சம். தின்றதும் கழிவாகத் தண்ணீரிலேயே சேருகிறது. அதுதான் சிவப்புப் போர்வைக்கு விருந்து.

இன்னொரு வழியும் உண்டு. தொட்டித் தண்ணீர் தினமும் ஆவியாகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பும் அழுக்கும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. குறைந்த அளவுக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றினால், அதிலுள்ள நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஒவ்வொரு நாளும் ஏறிக்கொண்டே போகும்.

விரட்டும் வழி

முதலாவது, தீனியைக் குறையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு முறை போதும். இரண்டு நிமிஷத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு போடுங்கள். உறைந்த தீனியாக இருந்தால், உருக வைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுப் போடுங்கள்.

இரண்டாவது, ஒரு ரப்பர் குழாயால் சிவப்புப் படலத்தை உறிஞ்சி வெளியே எடுங்கள். தொட்டிக்குள்ளேயே கலக்கி விடாதீர்கள். கலைந்த துண்டுகள் வேறு இடத்தில் ஒட்டி வளரும்.

மூன்றாவது, வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். 200 லிட்டர் தொட்டிக்கு 20 லிட்டர். ஆர்.ஓ. தண்ணீரில், கடல் மீனுக்கென்று விற்கும் உப்பை லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் முதல் நாளே கரைத்து வையுங்கள். சமையல் உப்பு கூடாது. ஆவியான தண்ணீருக்குப் பதிலாக உப்புப் போடாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள்.

நான்காவது, தண்ணீர் தேங்கும் மூலைகளைப் பாருங்கள். சிவப்புப் படலம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கும். பம்பைத் திருப்பி வைத்து, அங்கும் ஓட்டம் இருக்கும்படி செய்யுங்கள்.

ஐந்தாவது, விளக்கு நாளைக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். படலம் மிஞ்சிப்போனால், மூன்று நாள் விளக்கை அணைத்து, தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடலாம். இருட்டில் படலம் வாடிவிடும். மூன்று நாள் இருட்டை மீனும் பவளமும் பொதுவாகத் தாங்கும். அந்த நாட்களில் காற்றுக் குழாய் ஓடிக்கொண்டே இருக்கட்டும். பிறகு செத்த படலத்தை எடுத்து, தண்ணீரை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அதுவே அடுத்த படலத்துக்கு உரம்!

மருந்து கூடாதா?

எரித்ரோமைசின் போன்ற மருந்து இந்தப் படலத்தைக் கொல்லும். ஆனால் படலம் ஒரேயடியாகச் செத்து அழுகும்போது தண்ணீரில் பிராணவாயு குறையும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கும். இரவோடு இரவாகச் செத்தும் போகலாம். தண்ணீரைச் சுத்தம் செய்யும் நல்ல பாக்டீரியாவும் பாதிக்கப்படலாம். மருந்து கிருமியைக் கொல்லுமே தவிர, அதன் சாப்பாட்டை எடுக்காது. அதனால்தான் அது திரும்பி வருகிறது. வேறு வழியே இல்லையென்றால் மட்டும் மருந்து.

முள்ளை முள்ளால் எடுத்தவர்

அமெரிக்காவில், வாஷிங்டன் நகரின் ஸ்மித்சோனியன் காட்சிசாலையில் வேலை பார்த்த விஞ்ஞானி வால்டர் ஏடி. அவர் 1980-ம் ஆண்டு வாக்கில் ஒரு பெரிய தொட்டிக்குள் பவளப்பாறையை வளர்த்துக் காட்டினார். தண்ணீரைச் சுத்தம் செய்ய அவர் செய்த தந்திரம் வேடிக்கையானது. தொட்டிக்கு வெளியே ஆழமில்லாத ஒரு தட்டை வைத்தார். அதில் வலையை விரித்தார். மேலே பளிச்சென்ற விளக்கு. தொட்டித் தண்ணீர் அதன்மேல் ஓடியது. வலையில் பாசி அடர்ந்து வளர்ந்தது. அதை அவ்வப்போது சுரண்டி எடுத்தார்கள். பாசியோடு, அது தின்ற சத்தும் வெளியே போயிற்று. வெளியே பாசியை வளர்த்து, உள்ளே வரும் பாசியைப் பட்டினி போட்டார்! இதற்கு 1982-ல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இன்றும் கடல் மீன் வளர்ப்பவர்கள் பலர் இதைச் சிறிய அளவில் வீட்டில் செய்துகொள்கிறார்கள்.

பெரிய காட்சிசாலைக்கும் கூடத்து மூலைக்கும் பாடம் ஒன்றுதான். படலத்தோடு சண்டை போடாதே. அதன் சாப்பாட்டை நிறுத்து!

பலன் மறுநாளே தெரியாது. மணலிலும் பாறையிலும் ஊறிய பாஸ்பேட் மெல்ல மெல்லத்தான் வெளியே வரும். சில வாரங்கள் பொறுக்க வேண்டும். புதுத் தொட்டி என்றால், முதல் சில மாதங்களில் இது வருவது சகஜம். பயந்துபோய்த் தொட்டியைக் கவிழ்க்க வேண்டாம்.

அதுவரை மீன்கள் கண்ணாடி அருகே வந்து வாயைத் திறந்துகொண்டுதான் இருக்கும். பாட்டிக்கு மனம் கேட்காது. தீனி டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, அருகில் ஒரு சீட்டை ஒட்டி வையுங்கள். போடுகிறவர் அதில் ஒரு கோடு போடட்டும்.

நாளைக்கு ஒரே ஒரு கோடு!