வெட்கமும் மௌனமும்: தயா சோமசுந்தரத்தின் உளமருத்துவப் பணியை முன்வைத்து

அமெரிக்காவின் ஹூஸ்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சமூகப்பணி ஆய்வாளர் பிறெனே பிறவுண், வெட்கம் பற்றிய தமது ஆய்வுகளால் 2010ஆம் ஆண்டுக்குப் பின் உலகெங்கும் அறியப்பட்டவர். பெண்கள் பலரைச் செவ்வி கண்டு அவர் தொடங்கிய ஆய்வு எளிமையான ஒரு வேறுபாட்டை வலியுறுத்தியது. நான் செய்தது பிழை என்று எண்ணுவது குற்றவுணர்வு. நானே பிழை என்று எண்ணுவது வெட்கம். முன்னையது மனிதரைத் திருத்தக்கூடும். பின்னையது அவரை ஒளிய வைக்கும். பரிவோடு கேட்கும் ஒருவரிடம் சொல்லப்படும்போது வெட்கம் வலுவிழக்கிறது என்பது அவரது வாதம்.

இவ்வாதத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் சொன்னால் என்ன நடக்கும், கேட்பவர் யாருடைய ஆள் என்ற கேள்விகள் எழாத ஒரு சூழலிலிருந்து அது பேசப்படுகிறது. அந்தக் கேள்விகளின் நடுவே நின்று பல தசாப்தங்கள் பணியாற்றியவர் எம்மிடையே ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரமே அவர். வெட்கம் என்பது அவரது ஆய்வுகளின் தலைப்பாக இருந்ததில்லை. எனினும் அவரது பணியை இந்தக் கோணத்திலிருந்து வாசிப்பது, புலம்பெயர்ந்த எமக்குப் பயனுடையது என்பது என் கருத்து.

போர்க்காலத்தில் அவரும் எஸ். சிவயோகனும் வடபகுதி மக்களிடையே நடத்திய ஆய்வு 1994இல் பிரித்தானிய உளமருத்துவச் சஞ்சிகையில் வெளியாயிற்று. போரின் நெருக்கீடு எதையும் அனுபவிக்காதவர்கள் 6 வீதத்தினர் மட்டுமே. 64 வீதத்தினரிடம் உளசமூகப் பாதிப்புகள் காணப்பட்டன. இவற்றுள் முதலிடத்தில் நின்றது, மனத்துன்பம் உடல்நோவாக வெளிப்படும் நிலை: 41 வீதம். நெருக்கீட்டின் பின்னான மனவடு நோய் 27 வீதம், கடும் மனச்சோர்வு 25 வீதம்.

அந்த 41 வீதத்தை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மகனைப் பறிகொடுத்த தாய் வைத்தியரிடம் வந்து மகனைப் பற்றிச் சொல்வதில்லை. நெஞ்சிடிக்குது, தலை விறைக்குது, உடம்பெல்லாம் எரியுது, பெருமூச்சு வருகுது என்கிறாள். இது அறியாமையினால் அன்று. எமது சமூகத்தில் உடம்புக்கு வருத்தம் வரலாம். அதற்கு மருந்தும் அனுதாபமும் உண்டு. மனதுக்கு வருத்தம் வந்தால் அதற்குப் பெயர் விசர். அந்தச் சொல் ஒருவரோடு நிற்காது. தங்கையின் கலியாணப் பேச்சு வரை போகும். அங்கொடைப் பகிடியாகத் தலைமுறை தாண்டும். ஆகவே வாய் சொல்லத் துணியாததை உடம்பு சொல்கிறது.

இதை விளங்கிக்கொண்ட மருத்துவர் செய்யவேண்டியது என்ன? சோமசுந்தரமும் அவருடன் நின்றவர்களும் மூன்று காரியங்கள் செய்தனர். முதலாவது, தமிழில் எழுதினார்கள். 1990களின் முற்பகுதியில் வந்த 'மனவடு' என்ற கைந்நூலும், 2000இல் வந்த 'தமிழ்ச் சமுதாயத்தில் உளநலம்' என்ற நூலும் முக்கியமானவை. பெயரில்லாத துன்பத்துக்கு விசர் என்ற ஒரே பெயர்தான் கிடைக்கும். மனவடு, நெருக்கீடு, உளவளத்துணை முதலான சொற்கள் புழக்கத்துக்கு வந்தபோதுதான் வெட்கப்படாமல் பேசுவதற்கு ஒரு மொழி கிடைத்தது. இரண்டாவது, ஆசிரியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். உளமருத்துவரின் வாசலில் காணப்படுவதற்கு அஞ்சுகிறவர், பள்ளிக்கூட ரீச்சரோடு கதைக்க அஞ்சுவதில்லை. மூன்றாவது, சாந்தியாசனம், மந்திர உச்சாடனம், மூச்சுப் பயிற்சி முதலிய பழகிய முறைகளைச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆனால் மௌனத்துக்கு வெட்கம் மட்டும் காரணமாக இருக்கவில்லை. ராஜன் ஹூல், கே. ஸ்ரீதரன், ராஜினி திராணகம ஆகியோருடன் 'முறிந்த பனை'யை எழுதிய நால்வரில் சோமசுந்தரமும் ஒருவர். அரசு, இந்தியப் படை, இயக்கங்கள் என எவரையும் விட்டுவைக்காத நூல் அது. அதன் ஆசிரியர்களில் ஒருவரும் உடற்கூற்றியல் விரிவுரையாளருமான ராஜினி, 1989 செப்டெம்பர் 21இல் பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்புகையில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவரோடு எழுதியவர்கள் இதற்குப் புலிகளைப் பொறுப்பாளிகளாக்கினர். பேசுவது ஆற்றும் என்ற ஹூஸ்ரன் வாதம் அங்கே எத்தனை தூரம் செல்லுபடியாகும்? பேச்சு கொன்ற காலம் அது. வாய்மூடி இருந்தவன் கோழை என்று தீர்ப்புச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

1998இல் ஆங்கிலத்தில் வெளியான அவரது நூல், வடுப்பட்ட மனங்களைப் பற்றியது. 2014இல் வந்த அடுத்த நூல் வடுப்பட்ட சமூகங்களைப் பற்றியது. தனிமனிதரிலிருந்து சமூகத்துக்கு நகர்ந்த இந்த மாற்றமே அவரது சிந்தனையின் வரலாறு எனலாம். 1990களில் கம்போடியாவில் சமூக உளநலப் பணியில் ஈடுபட்ட அனுபவமும் இதில் சேரும். 2007இல் வெளியான கட்டுரையில் அவர் 'கூட்டு மனவடு' என்பதை விளக்கினார். நம்பிக்கையின்மை, சந்தேகம், மௌனம், பிறரில் தங்கியிருத்தல், தலைமையற்ற நிலை ஆகியவற்றைப் போர் தின்ற சமூகத்தின் நோய்க்குறிகளாக அவர் கண்டார். 2010இல் வன்னி மக்களைப் பற்றி எழுதியபோதும் இதையே மேலும் துக்கத்தோடு பதிந்தார்.

இங்கே ஒரு விவாதம் உண்டு. பிரித்தானிய உளமருத்துவர் டெறெக் சமர்பீல்ட், போரின் துன்பத்தை மனவடு என்ற மேற்கத்தைய நோய்ப்பெயருக்குள் அடைப்பதை 1999இல் கடுமையாக விமர்சித்தார். அநீதிக்கு நீதிதான் மருந்து, ஆலோசனை அன்று என்பது அந்த விமர்சனத்தின் சாரம். அதில் உண்மை இருக்கிறது. காணாமற்போன மகனுக்காகத் தெருவில் இருக்கும் தாய்க்கு மாத்திரை பதிலாகாது. ஆனால் நீதி வரும்வரை அவள் நித்திரை கொள்ளவும் வேண்டுமல்லவா? கூட்டு மனவடு என்ற கருத்தாக்கம் இவ்விரு தேவைகளையும் ஒருசேரப் பார்க்க முயல்கிறது என்பதே அதன் பெறுமதி.

இனி ரொறன்ரோவுக்கு வருவோம். மோர்ட்டன் பைசர் தலைமையிலான குழு இங்குள்ள தமிழரிடையே நடத்திய ஆய்வின் முதல் முடிவுகள் 2003இல் வெளிவந்தன. சுமார் 12 வீதத்தினரிடம் மனவடு நோய் காணப்பட்டது. அவர்களுள் சிகிச்சை பெற்றவர்கள் மிகச் சொற்பம். ஊரில் பேசினால் உயிருக்கு ஆபத்து. ஸ்காபரோவில் அந்த ஆபத்து பெருமளவு விலகியபின்னும் மௌனம் கலையவில்லை. அச்சத்தின் மௌனம் போய்விட்ட இடத்தில் வெட்கத்தின் மௌனம் குடியிருக்கிறது.

வெட்கத்துக்கு இங்கே புதிய தீனியும் கிடைத்தது. ஊரில் ஆசிரியராய், எழுதுவினைஞராய், பொறியியலாளராய் இருந்தவர்கள் இங்கே கன்வேயர் பெல்ற்றின் முன் நிற்கிறோம். இரவு ஷிப்ற்றில் எம்மோடு பெட்டி கட்டுபவர்களில் இரண்டு பட்டம் பெற்றவர்களும் உண்டு. ஊருக்குப் போகும் செய்தியில் இது 'கொம்பனியில் வேலை' ஆகிவிடும். நித்திரையின்மையைப் பற்றிக் கேட்டால் ஷிப்ற்றைச் சொல்வோம். குடியைப் பற்றிக் கேட்டால் குளிரைச் சொல்வோம். ஆலோசகர் தமிழராக இருந்தால் விஷயம் கோயில்வரை போய்விடும் என்று பயம். வெள்ளைக்காரராக இருந்தால் மொழி இடிக்கும்.

ஆகவே துணிந்து பேசுங்கள் என்று தனிமனிதருக்கு உபதேசிப்பதால் அதிகம் ஆகப்போவதில்லை. கேட்கத் தெரிந்தவர்களை முதலில் உருவாக்க வேண்டும் என்பதுதான் சோமசுந்தரத்தின் பணியிலிருந்து நாம் பெறும் பாடம். இங்கே ஊர்ச்சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், முதியோர் மன்றங்கள் நிறைய உண்டு. ஆண்டுக்கொரு இராப்போசன விருந்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை, கேட்டதை வெளியே சொல்லாத பத்துப் பேரைப் பயிற்றுவிக்க இவை ஒதுக்கலாம். போருக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் செய்ய முடிந்ததை ரொறன்ரோவில் செய்ய முடியாது என்பதற்கு என்ன நியாயம் சொல்லப்போகிறோம்? இதுபற்றி மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுத வேண்டும்.