நட்டை எப்போது மூடலாம்?

இரும்புக் கடையில் எம்8 போல்ட் ஒன்று வாங்கி வாருங்கள். 13-ஆம் நம்பர் ஸ்பேனர் பொருந்துமே, அதுதான். அதன் மரைமேல் ஸ்கேலை வைத்து எண்ணிப் பாருங்கள். 10 மில்லிமீட்டருக்குள் 8 வரிகள் இருக்கும். அதாவது ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே 1.25 மி.மீ. இந்த இடைவெளியைப் பிட்ச் என்பார்கள். சாதாரண எம்10 போல்ட்டில் அது 1.5 மி.மீ., எம்12-இல் 1.75 மி.மீ.

கடையில் விற்கும் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் உருட்டி அழுத்தியே மரை போடுகிறார்கள். பழுதான பம்புக்குப் புதுத் தண்டு வேண்டும், அதன் முனையில் மரையும் வேண்டும் என்றால் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அங்கே டர்னர் மரை வெட்டுவதைத் தள்ளி நின்று கவனியுங்கள். ஒரே வெட்டில் அவர் முடிக்க மாட்டார். எம்8 மரையின் ஆழம் சுமார் 0.77 மி.மீ. அவ்வளவையும் ஒரே தடவையில் வெட்டப் போனால் டூல் முனை உடையலாம், மரையும் பிசிறடிக்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஆழப்படுத்திக்கொண்டே போவார். ஒவ்வொரு தடவையும் டூல் முதலில் போன அதே வரியில்தான் போக வேண்டும். மயிரிழை விலகினாலும் மரை பாழ்.

மரை வெட்டப்படும் கம்பியோ விடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. டூலுக்கு அதே தடம் எப்படிக் கிடைக்கிறது?

லேத்தின் முன்பக்கம் நீளவாட்டில் தடித்த திருகுத் தண்டு ஒன்று இருக்கும். அதுதான் லீட் ஸ்க்ரூ. கம்பியைச் சுழற்றுகிற ஸ்பிண்டிலோடு பற்சக்கரங்கள் அதைப் பிணைத்திருக்கும். டூலைச் சுமந்து செல்லும் கேரேஜுக்குள் இரண்டாகப் பிளந்த நட்டு இருக்கிறது. அதன் பெயர் ஹாஃப் நட். கைப்பிடியைத் தள்ளினால் நட்டு மூடி லீட் ஸ்க்ரூவைக் கவ்வும், கேரேஜ் நகரும். திறந்துவிட்டால் கேரேஜ் நின்றுவிடும். அதைக் கையால் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து அடுத்த வெட்டைத் தொடங்கலாம். லீட் ஸ்க்ரூவையும் மாற்றிப் பூட்டும் பற்சக்கரங்களையும் ஒரே லேத்தில் சேர்த்து 1800-ஆம் ஆண்டு வாக்கிலேயே மிகத் துல்லியமாக மரை வெட்டிக் காட்டினார் லண்டன் பட்டறைக்காரர் ஹென்றி மாட்ஸ்லே. அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், 1841-இல் மரைகளுக்கு ஒரு பொது அளவை முன்மொழிந்தார்.

இப்போது கணக்குக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் லேத்தின் லீட் ஸ்க்ரூவுக்குப் பிட்ச் 6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 1.5 மி.மீ. மரை வெட்டும்போது, லீட் ஸ்க்ரூ ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஸ்பிண்டில் 4 சுற்று சுற்றும். 4 முழு எண். அதனால் நட்டு லீட் ஸ்க்ரூவின் எந்த வரியைக் கவ்வினாலும் டூல் பழைய தடத்திலேயே போய் விழும். டர்னர் கண்ணை மூடிக்கொண்டு நட்டை மூடலாம்.

1.25 மி.மீ. மரையில் கதை வேறு. 6-ஐ 1.25-ஆல் வகுத்தால் 4.8. லீட் ஸ்க்ரூ ஒரு சுற்று முடிக்கும்போது ஸ்பிண்டில் ஐந்தாவது சுற்றின் நடுவே எங்கோ நிற்கும். அந்த நேரத்தில் மூடினால் டூல் புதிதாக வேறொரு வரியைக் கீறிவிடும். 2 சுற்றுக்கு 9.6, 3 சுற்றுக்கு 14.4, 4 சுற்றுக்கு 19.2, ஐந்தாவது சுற்றில் 24! முழு எண் கிடைத்துவிட்டது. 5 சுற்று என்றால் 30 மி.மீ. பள்ளியில் படித்த மீச்சிறு பொது மடங்குதான் இது. 6-க்கும் 1.25-க்கும் பொதுவான மடங்குகளில் மிகச் சிறியது 30.

ஆக, 5 சுற்றுக்கு ஒருமுறைதான் நட்டை மூட வேண்டும். வேகமாகச் சுற்றும் தண்டைப் பார்த்துக்கொண்டு யாரால் எண்ண முடியும்? அந்த எண்ணும் வேலையைச் செய்யத்தான் த்ரெட் டயல் இருக்கிறது. சின்னப் பற்சக்கரம் ஒன்று லீட் ஸ்க்ரூவோடு பல் கோத்து நிற்கும். அதன் தண்டு மேலே வந்து, கோடு போட்ட ஒரு வட்டில் முடியும். லீட் ஸ்க்ரூ ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு பல் நகரும். சக்கரத்துக்கு 15 பற்கள் இருந்தால், வட்டில் சம இடைவெளியில் 3 கோடுகள் போதும். எந்தக் கோடு குறிக்கு நேராக வந்தாலும் 5 சுற்று ஆகிவிட்டது என்று பொருள். உடனே நட்டை மூடலாம். எம்12-க்கு இந்தச் சக்கரம் உதவாது. 6-க்கும் 1.75-க்கும் மீச்சிறு பொது மடங்கு 42, அதாவது 7 சுற்று. அதற்கு 14 பல் சக்கரமும் 2 கோடுகளும் வேண்டும்.

பல லேத்துகளில் இந்தக் கருவி இருக்காது. சொந்தமாக லேத் வைத்திருப்பவர்கள் பலர் இதைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். 15 பல் சக்கரத்தின் சுற்றளவு 15 × 6 = 90 மி.மீ. அப்படியானால் விட்டம் சுமார் 28.6 மி.மீ. பல் நுனி லீட் ஸ்க்ரூவின் பள்ளத்துக்குள் இறங்க வேண்டுமென்பதால் பித்தளை வட்டை இதைவிடச் சற்றுப் பெரிதாகக் கடைவார்கள். 15 சம பாகமாகப் பிரிக்க அருமையான வழி ஒன்று உண்டு. 60 பல் கொண்ட சக்கரத்தை ஸ்பிண்டிலின் பின்முனையில் மாட்டி, 4 பல்லுக்கு ஒருமுறை அதைப் பூட்டி நிறுத்துவார்கள். நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பள்ளம் வெட்டினால் 15 பற்கள் கிடைத்துவிடும். 14 பல் வேண்டுமானால் 56 பல் சக்கரத்தை எடுத்துக்கொள்ளலாம். லீட் ஸ்க்ரூவின் வரி லேசாகச் சரிந்து ஓடுவதால் பள்ளங்களையும் அதே அளவு சாய்த்து வெட்ட வேண்டும்; லீட் ஸ்க்ரூவின் தடிமன் 24 மி.மீ. என்றால் அந்தச் சாய்வு சுமார் 5 டிகிரி.

வீட்டில் செய்த சக்கரத்தில் சின்னச் சின்னப் பிசகுகள் இருக்கத்தானே செய்யும்? மரையும் பிசகாதா? பிசகாது. கேரேஜை இழுத்துப் போவது லீட் ஸ்க்ரூவும் நட்டும்தான், டயல் அல்ல. நட்டும் லீட் ஸ்க்ரூவின் வரிக்குள் மட்டுமே மூடும், இரண்டு வரிக்கு நடுவில் மூடாது. டயல் நமக்குச் சொல்வது ‘இந்த வரி’ என்ற ஒன்றை மட்டும்தான். கோடு கால் பல் அளவு தள்ளியிருந்தாலும் சரியான வரி எதுவென்று தெரிந்துவிடும். அரத்தால் ராவிச் செய்த பற்சக்கரம்கூடத் துல்லியமான மரைக்குத் துணை நிற்கும் காரணம் இதுதான்.

எல்லாவற்றையும் பூட்டியபின் நட்டை மூடிவைத்து, ஒரு கோட்டைக் குறிக்கு நேராகத் திருப்பி முடுக்கிவிட வேண்டும். பிறகு லேத்தை ஓடவிட்டு டயலை மட்டும் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். நட்டு திறந்திருக்கும்போது டயல் சுற்றும். மூடியதும் சட்டென்று நின்றுவிடும். லீட் ஸ்க்ரூவின் வரி எவ்வளவு வேகமாக முன்னேறுகிறதோ, அதே வேகத்தில் கேரேஜும் அதில் மாட்டிய சக்கரமும் கூடவே போவதால் பல்லைத் தள்ள யாரும் இல்லை. (இதை ஓடும் லேத்துக்கு அருகில் போய்ப் பார்க்க வேண்டாம். தொங்கும் சட்டைக் கையையும் அவிழ்ந்த கூந்தலையும், கம்பியைப் பிடித்துச் சுழலும் சக் இழுத்துக்கொள்ளும்.)

பழைய லேத் பலவற்றில் லீட் ஸ்க்ரூ அங்குலக் கணக்கில் இருக்கும், ஓர் அங்குலத்துக்கு 8 வரி என்பதுபோல. அங்குல மரை வெட்ட அது சுகமானது. 32 பல் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் 4 அங்குலம். அதன் வட்டில் நான்கு எண்கள் இருந்தால், அடுத்தடுத்த எண்களுக்கு இடையே ஓர் அங்குலம். அங்குலத்துக்கு 11 வரி, 13 வரி என்று எந்த முழு எண் மரையாக இருந்தாலும் ஓர் அங்குலத்துக்குள் வரிகள் முழுதாக முடிந்துவிடும் என்பதால், எந்த எண்ணிலும் மூடலாம்.

அதே லேத்தில் எம்8 மரை வெட்டினால்? ஓர் அங்குலம் 25.4 மி.மீ. அதை 8-ஆல் வகுத்தால் 3.175. இதை 1.25-ஆல் வகுத்தால் 2.54. முழு எண் கிடைக்க லீட் ஸ்க்ரூ 50 சுற்று சுற்ற வேண்டும், அதற்குள் ஸ்பிண்டில் 127 சுற்று சுற்றியிருக்கும். 127 பகா எண் என்பதால் இடையில் வேறு எங்கேயும் இரண்டும் சந்திக்காது. இதற்கு 50 பல் சக்கரம் வேண்டும், அதிலும் கோடு ஒன்றே ஒன்றுதான். எம்12-க்கோ 70 பல்! இவ்வளவு சக்கரங்களைச் செய்துகொண்டிருக்காமல், டர்னர்கள் இங்கே நட்டைத் திறப்பதே இல்லை. டூலைக் கம்பியிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டு, மோட்டாரைப் பின்பக்கமாக ஓட்டிக் கேரேஜைத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்துவிடுகிறார்கள்.