நடுராத்திரியில் ஃப்ரிட்ஜ் ஏன் உறுமுது?

பக்கத்துல பக்கத்துல ரெண்டு கதவு வெச்ச பெரிய ஃப்ரிட்ஜ் வாங்கினா, உள்ளேயே ஐஸ் மேக்கரும் வந்துடுது. கூடவே சத்தமும். ராத்திரி 2 மணிக்கு "ட்ர்ர்ர்", அப்புறம் "டம்", கொஞ்ச நேரம் கழிச்சு "கடகட". வீட்ல பெரியவங்க "ஏதோ ரிப்பேர்"னு பிளக்கைப் பிடுங்கிட்டுப் படுத்துடுவாங்க. பால் திரிஞ்சா வேற வாங்கிக்கலாம். உள்ளே தாத்தாவோட இன்சுலின் இருந்தா? திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள்ள இருக்கணும். அதனால பிளக்கைத் தொடாதீங்க. சத்தம் எங்கிருந்து வருதுன்னு பாருங்க.

ஐஸ் மேக்கர் செய்யற வேலை சிம்பிள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கிற சோலினாய்டு வால்வ் சில நொடிகள் திறந்து அச்சுல தண்ணியை நிரப்பும். தண்ணி உறைஞ்சதும், சில மாடல்ல ஒரு சின்ன ஹீட்டர் அச்சைச் சூடாக்கி ஐஸை இளக்கும். சில மாடல்ல ட்ரேயே முறுக்கிக்கும். ஐஸ் கீழே பெட்டியில விழும். "கடகட" அதுதான், பயப்பட ஒண்ணுமில்ல. காலிப் பெட்டியில விழுந்தா சத்தம் அதிகம். அதனால பெட்டியை முழுசா காலி பண்ணாம, அடியில ஒரு அடுக்கு ஐஸை விட்டுவைங்க.

"ட்ர்ர்ர்" வால்வோட சத்தம். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். காந்தம் நொடிக்கு 100 தடவை இழுத்து விடுது, அதான் அந்த உறுமல். சில நொடியில நின்னா சரி. ஆனா நிறைய வீட்ல தண்ணி லைனே கொடுக்காம ஐஸ் மேக்கரை மட்டும் ஆன்ல விட்டிருப்பாங்க. அது பாவம், தண்ணி வரும்னு நம்பி வால்வைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கும். ஐஸ் மேக்கர் சுவிட்சை மட்டும் ஆஃப் பண்ணுங்க, இல்லேன்னா கம்பிக் கையை மேலே தூக்கி விடுங்க. ஃப்ரிட்ஜ் பாட்டுக்கு ஓடும், சத்தம் நின்னுடும். செலவு ஜீரோ.

இப்ப "டம்". இதுலதான் நம்ம ஊர் விசேஷம் இருக்கு. 10 மீட்டர் உயரத் தண்ணி கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம் தரும் (ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல மார்க்குக்காக மட்டும் படிச்ச அதே ரோ ஜி ஹெச்தான்). போடி டவுன்ல மொட்டை மாடி டேங்க் 6 மீட்டர் மேலே இருந்தா 0.6 பார்தான். பல கம்பெனி மேனுவல்கள் குறைஞ்சது 1.4 பார் கேக்குது. அழுத்தம் பத்தலேன்னா ஐஸ் சின்னதா, உள்ளே குழியா வரும். வால்வ் சரியா மூடாம சொட்டவும் செய்யும். இதுக்குச் சின்ன பூஸ்டர் பம்ப் வேணும்.

ஏலத்தோட்டச் சரிவுல கதை தலைகீழ். வீட்டுக்கு 40 மீட்டர் மேலே தொட்டி இருந்து, அங்கிருந்து நேரா லைன் இறங்கினா 4 பார். வேகமா ஓடற தண்ணியை வால்வ் சட்டுனு மூடும்போது, அந்த ஓட்டம் குழாயையே அடிக்கும். இதுக்குப் பேர் வாட்டர் ஹாமர். இரும்புக் குழாய்ல நொடிக்கு 1 மீட்டர் வேகத்துல ஓடற தண்ணி திடீர்னு நின்னா, ஒரு கணத்துக்கு அழுத்தம் 10 பாருக்கு மேலேயும் எகிறும். பிளாஸ்டிக் டியூப் கொஞ்சம் விரிஞ்சு கொடுக்கறதால அடி குறையும். சுவத்துல ஆடற குழாயை கிளாம்ப் போட்டு இறுக்குங்க, டியூப் ஃப்ரிட்ஜ் முதுகுல உரசாம பாருங்க. அதுக்கும் அடங்கலேன்னா பிளம்பர்கிட்ட சொல்லி அழுத்தம் குறைக்கிற வால்வ் ஒண்ணு போடுங்க.

கவலைப்பட வேண்டிய சத்தம் ஒண்ணு இருக்கு: விடாம "கர்ர்ர்"னு அரைக்கிறது. மழைக்காலத்துல மலைப்பக்கம் மணிக்கணக்குல கரண்ட் போகும். பெட்டியில ஐஸ் பாதி உருகி, கரண்ட் வந்ததும் ஒரே கட்டியா உறைஞ்சுடும். அதுல சிக்கி மோட்டார் திணறுது. ஐஸ் மேக்கரை ஆஃப் பண்ணி, பெட்டியை வெளியே எடுத்து, சாதாரணத் தண்ணியில கரைச்சு, நல்லா துடைச்சு மாட்டுங்க. கத்தியால மட்டும் குத்தாதீங்க.